சிறுகோளுக்கு மூக்கு வைத்தவர்

அந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் மாஸ்டரிடம் பழகியவர்கள். மீதிப்பாதி, மாஸ்டரிடம் பழகியவர்கள் எதிரே வந்தால் ஒதுங்கப் பழகியவர்கள். ஆக மொத்த ஊருக்கும் அவர்தான் ஆசான் என்று அவருடைய மைத்துனர் சொல்வார். மாஸ்டர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கு மற்ற மனிதர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அவர்கள் காரில் இரண்டு பிரேக். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர் காலடியில் ஒன்று. பல வருஷம் அந்த இரண்டாவது பிரேக்கிலேயே காலை வைத்துப் பிழைத்தவருக்கு, உலகத்தில் எது ஓடினாலும் தான் அழுத்தினால் நின்றுவிடும் என்றொரு நினைப்பு வந்துவிட்டிருந்தது. பேங்கில் வரிசை மெதுவாக நகர்ந்தால் வலது கால் தரையைத் தேய்க்கும். கூட்டத்தில் வேறு யாராவது பேசினால் கால் தானாக அழுந்தும். வீட்டில் மனைவி பேசும்போதும் அழுந்தும். அங்கே மட்டும் எதுவும் நின்றதில்லை.

ஐம்பது வயதில் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. "வேலை முடிஞ்சதும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துட்டு சும்மா உட்காருங்க மாஸ்டர்" என்றார் டாக்டர். ஓய்வெடு என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். மாஸ்டர் அடுத்த வாரமே ஆளுயரத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி மொட்டைமாடியில் நிறுத்திவிட்டார். சும்மா உட்காருவது என்ற பகுதி மட்டும் காதில் விழவில்லை.

அதே ஊரில் ஒரு பல் டாக்டருக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது. இருவரும் சேர்ந்து, பத்துப் பதினைந்து பேரைத் திரட்டி, வான்நோக்கர் மன்றம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வேலை எல்லாவற்றையும் பல் டாக்டர் செய்தார். அதனால் அவர் செயலாளர். பேச்சு எல்லாவற்றையும் மாஸ்டர் பேசினார். அதனால் அவர் தலைவர். மைத்துனர் லிஃப்ட் மெக்கானிக். அவர் அக்கா புருஷனுக்குப் பயந்து உறுப்பினரானவர்.

மன்றம் இரண்டு வருஷமாக நிலாவைப் பார்த்து, நிலா நன்றாக இருக்கிறது என்று தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் தொலைவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை போன் செய்தார். பாதி ஆயுளை ஒரே ஒரு சிறுகோளுக்குக் கொடுத்தவர். அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் புள்ளிதான். அந்தப் புள்ளி வரும் மாதம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கப்போகிறது; அதன் நிழல் உங்கள் ஊர்ப் பக்கமாகத் தரையில் ஓடும்; உங்கள் ஆட்கள் உதவ முடியுமா என்று கேட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மாஸ்டர் மனைவிக்குப் பாடம் எடுத்தார். அந்த அம்மாள் மருந்துக் கடையில் கவுன்டரில் வேலை பார்ப்பவர். டாக்டர்களின் கையெழுத்தையே வாசிக்கத் தெரிந்தவருக்கு இந்த உலகத்தில் புரியாதது என்று அதிகம் கிடையாது.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில லைட்டு எரியுது. நடுவுல ஒரு லாரி போகுது. லைட்டு மறையுமா, மறையாதா?"

"மறையும்."

"எவ்வளவு நேரம் மறைஞ்சுதுன்னு பார்த்தா லாரி எவ்வளவு நீளம்னு தெரிஞ்சுரும். நான் ஒரு இடத்துல நிக்கறேன். உன் தம்பி பத்துக் கிலோமீட்டர் தள்ளி நிக்கறான். டாக்டர் இந்தப் பக்கம் தள்ளி நிக்கறாரு. இன்னும் வேற வேற ஊர்லயும் நிக்கறாங்க. அவங்கவங்க அளந்ததை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கோடு போட்டு அடுக்கினா லாரியோட முழு உருவமும் வந்துரும்."

"லாரியை நிறுத்திக் கேட்டா போச்சு."

"இது நிக்காத லாரிம்மா."

"அப்ப உங்களுக்கு அதுல என்ன வேலை?"

மாஸ்டரின் கால் மேஜைக்கடியில் அழுந்தியது.

யார் எங்கே நிற்பது என்று முடிவுசெய்ய மன்றம் கூடியது. பேராசிரியை அனுப்பிய வரைபடத்தில் நிழலின் நடுக்கோடு, ஊருக்கு வெளியே மாஸ்டரின் பயிற்சி மைதானத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு புதர்க்காட்டின் மேலாகப் போயிற்று. "தலைவர் எங்க நிக்கறாரோ அதுதான் நடு" என்றார் மைத்துனர். ஒருமனதாக நடுக்கோடு மைதானத்துக்கு நகர்ந்தது.

பல் டாக்டர், வினாடியில் நூற்றில் ஒரு பங்கையும் படத்திலேயே பதிக்கும் கேமரா ஒன்றை வரவழைத்திருந்தார். அதைத் தன் கிளினிக் மாடியில் வைக்கப்போவதாகச் சொன்னார். மாஸ்டருக்கும் ஒன்று வரவழைக்கட்டுமா என்று கேட்டதுதான் தப்பு.

"பல்லைப் படம் எடுத்தாத்தான் தெரியும் டாக்டர். நட்சத்திரத்துக்குக் கண்ணு போதும்" என்றார் மாஸ்டர். "குறுக்க நாய் ஓடினா எந்தக் கேமரா பிரேக் அடிக்குது? நான் அடிக்கறேன். நாய் கெளம்பறதுக்கு முன்னாடியே அடிக்கறேன்."

அவருடைய முறை எளிமையானது. ஒரு கைப்பேசி வினாடிக்கு ஒரு முறை 'டிக்' என்று அடிக்கும். இன்னொன்று சத்தத்தைப் பதிவுசெய்யும். நட்சத்திரம் மறைந்ததும் "போச்சு" என்று கத்த வேண்டும், மீண்டதும் "வந்துச்சு" என்று கத்த வேண்டும். பிறகு பதிவைக் கேட்டு எந்த டிக்கில் போச்சு, எந்த டிக்கில் வந்துச்சு என்று குறித்துக்கொள்ளலாம். பேராசிரியையும் இதற்குச் சம்மதித்தார். ஒரு வாரம் அலுவலகக் கணக்கரை டார்ச் லைட்டை அணைத்து அணைத்துப் போடச்சொல்லி மாஸ்டர் பயிற்சி எடுத்தார். நடு ராத்திரியில் தூக்கத்தில் "போச்சு" என்று கத்த, மனைவி எழுந்து கதவெல்லாம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தார். விடியற்காலையில் "வந்துச்சு" என்றபோது அவர் எழுந்திருக்கவில்லை.

குறித்த நாளுக்கு முந்தின நாள் மாஸ்டருக்கு ஜலதோஷம் பிடித்தது. மனைவி கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து நீட்டினார்.

"போட்டா தூக்கம் வருமா?"

"லேசா வரும்."

"கழுகுக்கு மயக்க மருந்து குடுக்கறியே" என்றார் மாஸ்டர். மாத்திரை டப்பாவிலேயே இருந்துவிட்டது.

மறைப்பு நேர்வது மறுநாள் பொழுது சாய்ந்து இருட்டின கொஞ்ச நேரத்தில். மைதானத்தில் ரிவர்ஸ் பழகுவதற்காக நிறுத்திய கூம்புகளுக்கு நடுவே தொலைநோக்கி நின்றது. உடைத்து விற்ற பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய சீட்டை மாஸ்டர் அதன் பின்னால் போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் பதிவுசெய்யும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேர்கூட இல்லாத, எண் மட்டுமே கொண்ட ஒரு மங்கல் நட்சத்திரம் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தது. டிக், டிக் என்று ஓசை ஆரம்பித்தது. மாஸ்டர் கண் கொட்டவில்லை. காலுக்கடியில் புல் நசுங்கிக் கிடந்தது.

மாஸ்டருக்கு ஒற்றைத் தும்மல் வழக்கமில்லை. வந்தால் மூன்றாகத்தான் வரும், அதுவும் ஒன்றைவிட ஒன்று பெரிதாக. நேரம் நெருங்கியபோது மூக்கின் நுனியில் முதலில் ஓர் எறும்பு ஊர்ந்தது. அதை அடக்கினார். எறும்பு மேலே ஏறியது. அடக்கினார். அப்புறம் அடக்க ஒன்றுமில்லை. முதல் தும்மலில் தலை தொலைநோக்கியை விட்டு விலகியது. இரண்டாவதில் கண்ணீர் கொட்டியது. மூன்றாவது, மைதானத்துக்கு வெளியே படுத்திருந்த நாயை எழுப்பியது. அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்து மறுபடி பார்த்தபோது நட்சத்திரம் ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி அப்படியே இருந்தது.

"மாத்திரை போடச் சொன்னேனே" என்றார் மனைவி.

மாஸ்டர் கையைக் காட்டி அடக்கினார். ஒருவேளை இனிமேல்தான் மறையுமோ என்று பார்த்தார். அது மறைவதாக இல்லை. டிக், டிக் என்று நேரம் ஓடியது. போச்சு என்றும் சொல்லவில்லை, வந்துச்சு என்றும் சொல்லவில்லை.

போன் அடித்தது. பல் டாக்டர். குரலிலேயே பல் எல்லாம் தெரிந்தது.

"தலைவரே, கிடைச்சுருச்சு! சுத்தமா நாலு செகண்டு! அங்க?"

இந்த இடத்தில் மாஸ்டர் தும்மிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் தலைவர் நடுக்கோட்டில் நிற்கிறார். நடுவில் நிற்கிறவருக்கு ஓரத்தில் நிற்கிறவரைவிடக் குறைந்தால் நன்றாகவா இருக்கும்?

"கிடைக்காம எங்க போகும்" என்றார். "ஏழு."

"ஏழா!"

"ஏழுதான்."

அந்த ஏழு அவர் வாயில் வந்ததே தவிர, வானத்திலிருந்து வந்ததல்ல. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பதிவைப் போட்டுக் கேட்டபோது அவரே அசந்துபோனார். முதல் தும்மலின் தொடக்கத்திலிருந்து கண்ணைத் துடைத்து முடித்தது வரை ஏறக்குறைய ஏழு டிக். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தும்ம ஆரம்பிக்கும்போது நட்சத்திரம் இருந்தது. தும்மி முடித்தபோதும் இருந்தது. ஆகவே நடுவில்தான் மறைந்திருக்க வேண்டும். மறைந்திருந்த நேரமெல்லாம் அவர் பார்க்கவில்லை என்பது சரி. பார்க்காத நேரமெல்லாம் அது மறைந்திருந்தது என்று வைத்துக்கொள்வதில் என்ன குற்றம்? சுற்றிவளைத்து இந்த நியாயத்தை அவர் மனைவியிடமும் சொன்னார்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுரும்னு சொல்வாங்க. அதை இப்பத்தான் கணக்குப் போட்டுப் பார்க்கறேன்" என்றார் அந்த அம்மாள்.

மாஸ்டர் அறிக்கையை அனுப்பிவிட்டார். படிவத்தில் ஒலிப்பதிவு உள்ளதா என்ற கேள்விக்கு, ஓட்டுநர் உரிமம் உள்ளதா என்று கேட்ட மாதிரி ரோஷப்பட்டு, உள்ளது என்று எழுதினார்.

பத்து நாள் கழித்து பேராசிரியையிடமிருந்து படம் வந்தது. எல்லாருடைய கோடுகளையும் அடுக்கியிருந்தார். மற்றவர்களின் கோடுகள் அழகாக ஒரு முட்டையாக வந்தன. மாஸ்டரின் கோடு மட்டும் முட்டையைவிட்டு முன்பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. பேராசிரியை இத்தனை வருஷமாக அந்தப் பாறை வெறும் முட்டைதான் என்றே எழுதி வந்தவர். முட்டையைப் பற்றி எவ்வளவுதான் எழுத முடியும்? அவரே போன் செய்தார்.

"சார், இது ஒரு மலையா இருக்கலாம். இல்ல, ரெண்டு பாறை ஒட்டிக்கிட்டதா இருக்கலாம். நாங்க இங்க செல்லமா மூக்குன்னு சொல்றோம்."

மூக்கு என்ற சொல் கேட்டதும் மாஸ்டருக்குப் பகீரென்றது. ஆனால் உடனே சுதாரித்துக்கொண்டு, "நமக்கு அப்படித்தான் தெரிஞ்சுது மேடம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது மாஸ்டரின் கையில் இல்லை, காலிலும் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகை, 'மூக்கும் முழியுமாக ஒரு சிறுகோள்: நம் ஊர்க்காரரின் கண்டுபிடிப்பு' என்று எழுதியது. ஊரே மூக்கின் மேல் விரலை வைத்தது. டிரைவிங் ஸ்கூல் பலகையில், ஸ்டியரிங் படத்துக்குப் பக்கத்தில், மூக்கு முளைத்த உருளைக்கிழங்கு ஒன்றை பெயின்டர் தானாகவே வரைந்து கொடுத்தார். வானத்துப் பாறையையே கணித்தவர் பார்க்கிங் கணிக்க மாட்டாரா என்று புதிதாகப் பலர் சேர்ந்தார்கள்.

மன்றத்தில் மற்றவர்களுக்கும் நினைவு திரும்ப ஆரம்பித்தது. "நட்சத்திரம் மறையறதுக்கு முன்னாடி லேசா ஒரு மினுக்கு மினுக்கின மாதிரி எனக்கும் இருந்துச்சு மாமா. பெரியவங்க சொல்லட்டும்னு சும்மா இருந்தேன்" என்றார் மைத்துனர். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் அன்றைக்கு வீட்டை விட்டே வெளியே வராதவர். அவரும் ஜன்னல் வழியாக என்னவோ தெரிந்தது என்றார். பல் டாக்டர்தான் முதல் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். 'மூக்கும் அதன் ஓரங்களும்' என்ற தலைப்பில் பள்ளிக்கூடங்களில் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கினார். மூக்கு மாஸ்டருடையது, ஓரங்கள் தன்னுடையவை.

மாஸ்டருக்குப் புகழ் பிடித்திருந்தது. ஆனால் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் அதே சிறுகோள் இன்னொரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது, நிழலும் இதே ஊர் மேலாகத்தான் ஓடும், இந்த முறை மூக்கைப் பார்க்கவென்றே பெரிய பெரிய கருவிகளோடு பல ஊர்களிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தபோது சோறும் இறங்கவில்லை. அன்றே பேராசிரியைக்குப் போன் போட்டார்.

"மேடம், அந்த மூக்கு விஷயம்... எனக்கே கொஞ்சம் சந்தேகமா இருக்கு."

"நல்ல ஆய்வாளருக்கு எப்பவும் சந்தேகம் இருக்கணும் சார். அதனாலதான் உங்களை நம்பறேன்" என்றார் அவர். "ஆமா, அந்த ஒலிப்பதிவை அனுப்பறேன்னீங்களே. கட்டுரைக்கு வேணும். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. முதல் தடவை கேட்டபோது கைப்பேசி ரிப்பேரில் இருக்கிறது என்றிருந்தார். இரண்டாம் தடவை கைப்பேசி சரியாகிவிட்டது, ஆனால் ரிப்பேர்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றிருந்தார். இப்போது மூன்றாம் தடவை.

அன்று சாயங்காலம் மனைவியை மைதானத்துக்கு அழைத்துப்போனார். டிக் அடிக்கும் கைப்பேசியை எடுத்து சீட்டில் வைத்து, பதிவுசெய்யும் கைப்பேசியை அவரிடம் நீட்டினார்.

"நீ அதே மாதிரி பக்கத்துல நில்லு. நான் போச்சு, வந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்றேன். பதிவுபண்ணி அனுப்பிரலாம். அறிக்கையில எழுதின ஏழு இருக்கு, அதுக்கு ஏத்த மாதிரி சொல்லிக்கறேன்."

அந்த அம்மாள் கைப்பேசியை வாங்கவே இல்லை.

"இந்தாங்க. நான் மருந்துக் கடையில வேலை பார்க்கறவ. தேதி முடிஞ்ச மாத்திரைக்குப் புது லேபிள் ஒட்டச் சொல்றீங்க. நான் ஒட்ட மாட்டேன்."

"மாத்திரை சாப்பிட்டா ஆளு செத்துருவான். பாறைக்கு மூக்கு இருந்தா யாருக்கும்மா நஷ்டம்?"

"எங்கேயோ ஒரு பொம்பளை பாதி ஆயுசை அந்தக் கல்லுக்குக் குடுத்திருக்கான்னு நீங்கதானே சொன்னீங்க. அவளுக்கு."

மாஸ்டர் கூம்பு ஒன்றை எடுத்து வேறொரு கூம்பின் மேல் கவிழ்த்தார். பிறகு அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். உண்மையை எழுதலாம் என்று அன்றிரவு உட்கார்ந்தார். 'மதிப்பிற்குரிய மேடம்' என்பதைத் தாண்டவில்லை. கடைசியில் ஒரு வார்த்தையும் எழுதாமல், தும்மல் இருந்த பதிவை அப்படியே அனுப்பிவிட்டு, கைப்பேசியை அணைத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துதான் அதை எடுத்து ஆன் செய்தார். உடனே மணி அடித்தது.

"மூணு தும்மல் கேட்டுது சார்" என்றார் பேராசிரியை. "மூணாவது ரொம்ப பெருசு."

"ஆமாங்க மேடம்."

"அப்புறம் ஒரு அம்மா மாத்திரை போடச் சொன்னேன்னு சொல்றாங்க."

"என் வீட்டுக்காரம்மா."

"போச்சுன்னு நீங்க சொல்லவே இல்ல."

"நட்சத்திரம் போனதை நான் பார்க்கவே இல்லீங்க மேடம். மூக்கு என்னுதுதான்."

அவர் திட்டுவார் என்று மாஸ்டர் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. "போன மாசம் இருநூறு பேர் முன்னாடி அந்த மூக்கைக் காட்டிப் பேசினேன். எழுந்து நின்னு கை தட்டினாங்க" என்றார் பேராசிரியை. "நானும் பதிவைக் கேட்டுட்டுத்தான் பேசியிருக்கணும். கேட்கலை. எனக்கும் மூக்கு வேணும்னு இருந்துச்சு." போன் வைக்கப்பட்டது. சிறுகோள் மறுபடி முட்டையாயிற்று. கட்டுரையின் அட்டவணையில் மாஸ்டரின் நிலையத்துக்கு நேரே, 'பயனில்லை. பார்வையாளர் தும்மினார்' என்று அச்சாகியது.

மாஸ்டர் மன்றத்தைக் கூட்டி, எழுந்து நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னார். பேச்சே தொழிலாக இருந்தவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. மூக்குடைபட்டு உட்காருவோம் என்று நினைத்தார். நடந்தது வேறு.

"தும்மினா என்ன தலைவரே?" என்றார் பேங்க் மேனேஜர். "தும்மினதுனால மூக்கு இல்லைன்னு ஆயிருமா?"

"பார்க்கவே இல்லைங்கறேன்."

"நீங்க பார்க்கலை. ஆனா உங்க மச்சினர் பார்த்தாரே. நான் பார்த்தேனே."

"ஆமா மாமா" என்றார் மைத்துனர். "மினுக்கினது மினுக்கினதுதான்."

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த வாரம் அவருக்கு மூன்று பள்ளிக்கூடங்களில் சொற்பொழிவு. "நம்ம ஊர்ல கண்டுபிடிச்ச மூக்கு. பெரிய பல்கலைக்கழகம்னா அவங்க இஷ்டத்துக்கு வெட்டிரலாமா? சின்ன ஊர்க்காரன் எதைக் கண்டுபிடிச்சாலும் இதே கதிதான். நம்ம தலைவரை என்ன மிரட்டினாங்களோ, பாவம், இப்படிப் பேசறாரு. தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடறேன்."

சிறுகோளுக்கு மூக்கு உண்டு என்ற தீர்மானம் மன்றத்தில் கையுயர்த்தி வாக்களித்து நிறைவேறியது. எதிர்த்து எழுந்த கை ஒன்றே ஒன்று. அது மூக்கை வைத்தவருடைய கை. அதே கூட்டத்தில், மன்றத்தின் மானத்தை வாங்கியதற்காக மாஸ்டர் தலைவர் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பல் டாக்டர் தலைவரானார். மைத்துனர் வெளியே வந்து, "மனசுல வச்சுக்காதீங்க மாமா. மெஜாரிட்டி பக்கம் நிக்கணும்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க" என்றார்.

மாஸ்டர் மறுநாள் ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் வாங்கிவந்து, தானே ஏணியில் ஏறி, பலகையில் இருந்த உருளைக்கிழங்கை அழித்தார். கீழே நின்ற கணக்கர், "சார், உருளைக்கிழங்கு நல்லாத்தானே இருந்துச்சு, மூக்கை மட்டும் எடுத்துரலாமே" என்றார். மாஸ்டர் காதில் வாங்காமல் இரண்டாவது கோட்டும் அடித்தார்.

அடுத்த வருஷ மறைப்புக்கு ஒரு மாதம் முன்பு பேராசிரியையிடமிருந்து போன் வரும் என்று அவர் நினைக்கவில்லை. வந்தது.

"சார், ஓரத்துல ஒரு ஆள் வேணும். நிழல் அங்க வராதுன்னுதான் கணக்கு சொல்லுது. வரலைன்னு ஒருத்தர் பார்த்துச் சொன்னாத்தான் பாறை அதுக்கு இந்தப் பக்கம் முடியுதுன்னு அடிச்சுச் சொல்ல முடியும். நடுவுல நிக்க நூறு பேர் போட்டி போடறாங்க. ஒண்ணுமே நடக்காத இடத்துக்குப் போக ஒருத்தரும் சம்மதிக்கலை."

"நான் தும்மின ஆளு மேடம்."

"தும்மினா தும்மினேன்னு சொல்லிருங்க. அவ்வளவுதான்."

மாஸ்டரும் மனைவியும் பயிற்சிக் காரிலேயே போனார்கள். மூன்று மணி நேரப் பயணம். பேராசிரியை குறித்துக்கொடுத்த இடம், நெடுஞ்சாலையில் லாரிகளை எடை போடும் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பொட்டல். மாத்திரையை மாஸ்டர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தூக்கம் வராத வகை ஒன்றும் இருக்கிறது, போன வருஷமே கடையில் இருந்தது, அவர் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நேரம் வந்தது. டிக் அடித்தது. மாஸ்டர் பார்த்தார். நட்சத்திரம் இருந்தது. இன்னும் பார்த்தார். இன்னும் இருந்தது. லாரிகள் உறுமிக்கொண்டு எடை மேடையில் ஏறின, இறங்கின. ஒன்றுமே நடக்காமல் போவதை இவ்வளவு கவனமாக அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஒரு கணம் கண்ணை எடுத்தாலும் ஆமாம், இல்லை என்று எதையும் சொல்லும் உரிமை போய்விடும் என்று பட்டது. குறித்த நேரமும் அதற்கு மேல் சில நிமிஷங்களும் கடந்தபோது, கழுத்து மரத்துப் போயிருந்தது.

"போச்சா?" என்றார் மனைவி மெதுவாக.

"போகலை. முழுசா இருந்துச்சு."

அதைச் சொல்லும்போது தன் குரலில் இருந்த கர்வத்தை அவரே கவனித்தார். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குக்கூட மனிதன் மார்தட்டிக்கொள்ள முடிகிறதே என்று நினைத்துக்கொண்டார். 'மறையவில்லை. கண்ணை எடுக்கவில்லை. தும்மவில்லை' என்று அறிக்கை எழுதி, பதிவோடு சேர்த்து அங்கிருந்தே அனுப்பினார்.

பொருள்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பல் டாக்டர். இந்த முறை குரலில் ஒரு பல்கூடத் தெரியவில்லை.

"மாஸ்டர், தனியா இருக்கீங்களா?"

"வீட்டுக்காரம்மா இருக்கா. சொல்லுங்க."

"இங்க விழா மாதிரி வச்சுட்டோம். நகர்மன்றத் தலைவரைக் கூப்பிட்டிருந்தோம். கேமரா பட்டனை அவர் கையாலேயே அமுக்கித் தொடங்கி வைக்கட்டும்னு ஏற்பாடு. அமுக்கினாரு. போட்டோகிராஃபர் சார் இன்னொரு தடவைன்னான். இன்னொரு தடவை அமுக்கினாரு."

"அப்ப நின்னு போயிருக்குமே."

"நின்னு போச்சு."

"கண்ணால பார்த்தீங்களா?"

"நான் அப்ப வரவேற்புரையில இருந்தேன் மாஸ்டர்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"நடுக்கோட்டு நிலையம் நம்மளுது" என்றார் பல் டாக்டர். "கீழ எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. பேங்க் மேனேஜர் மூக்கு தெரிஞ்சுதுன்னு இப்பவே சொல்லிட்டாரு. நான் என்ன எழுதறது?"

"பட்டனை ரெண்டு தடவை அமுக்கிட்டாங்கன்னு எழுதுங்க."

"அதை எப்படி மாஸ்டர் எழுதறது?"

"கஷ்டமாத்தான் இருக்கும். நான் எழுத முடியாமத்தான் தும்மலை அனுப்பினேன்."

பல் டாக்டர் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். ஒரு வாரத்தில் முடிவுகள் வந்தன. அன்று நிழல் கடந்த பாதை நெடுக, எல்லா ஊர்களிலும் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்திருக்கிறது. நடுக்கோட்டில், ஒரே ஒரு கிளினிக் மாடிக்கு மேல் மட்டும், அந்த ஏழெட்டு வினாடிக்கு அடர்த்தியான மேகம் இருந்ததாகப் பதிவாகியிருந்தது.

அட்டவணையின் கடைசி வரியில் மாஸ்டரின் பொட்டல் இருந்தது. 'மறைப்பு இல்லை, உறுதி' என்று போட்டிருந்தார்கள். மனைவி அதை மருந்துக் கடைக் கவுன்டரில் நின்றபடியே கைப்பேசியில் இரண்டு தடவை படித்தார். பிறகு, வரிசையில் நின்று இருமிக்கொண்டிருந்தவரிடம், எந்த மாத்திரை வேண்டும், தூக்கம் வருவதா வராததா என்று கேட்டார்.